பாறை சுடவில்லை என்றான்

பக்கமலைக் காட்டுக்குள் நானும் அவனும் நடந்துபோனது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். அதற்கு முன்பே செஞ்சியைச் சுற்றியிருந்த குன்றுகள் பெரும்பாலானவற்றில் ஏறிப் பார்த்துவிட்டோம். கோட்டை மலைகள் எங்களுக்கு அலுத்தே போயிருந்தன. தளவானூருக்கும் சீயமங்கலத்துக்கும் சைக்கிளிலேயே போய்க் குடைவரைகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தோம். பக்கமலை மட்டும் பாக்கி. அது ரிசர்வ் காடு. பாரஸ்ட் கார்டிடம் சொல்லிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும், கோடையில் தண்ணீர் கிடைக்காது, கரடி நடமாட்டம் உண்டு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அதனாலேயே அவனுக்கு அங்கே போகவேண்டும் என்று ஒரு ஆசை.

அவன் செஞ்சியில் ஹைஸ்கூல் சயின்ஸ் வாத்தியார். நான் தாலுக்கா ஆபீசில் கிளார்க். இரண்டு பேருக்கும் இருபத்தைந்து வயசு. அவனுக்குச் சொந்த ஊர் தொண்டூர். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். எங்களைப் போல அவன் வீட்டாரும் ஜைனர்கள்தான். எங்கள் ஜனம் இந்தப் பக்கத்தில் கொஞ்சம் ஊர்களில்தான் இருக்கிறது. பெண் கொடுத்தும் எடுத்தும் எல்லா வீடும் எல்லா வீட்டுக்கும் ஏதோ ஒரு வகையில் உறவு. அவனோடு பழக ஆரம்பித்த இரண்டாம் வருஷம், தை மாசத்தில், என் தங்கையை அவனுக்கு நிச்சயம் செய்தார்கள். பேச்சை ஆரம்பித்துவைத்தவனே நான்தான். வைகாசியில் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது.

தங்கைக்கு அப்போது பத்தொன்பது வயசு. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். நிச்சயத்துக்குப் பிறகு அவன் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தால் அவள் உள்ளே போய்விடுவாள். ஆனால் அவன் லைப்ரரியிலிருந்து என்னிடம் கொடுத்து அனுப்பிய புத்தகங்களையெல்லாம் படித்து முடித்து, பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டுத் திருப்பித் தருவாள். அதைப் பார்த்து அவன் சிரிப்பான். அவ்வளவுதான் அவர்களுக்குள் நடந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாசி மாதக் கடைசி. விடிந்ததும் கிளம்பி, மலையடிவாரத்து ஊரில் தெரிந்தவர் வீட்டில் சைக்கிள்களை விட்டுவிட்டு நடந்தோம். காட்டு எல்லையில் பாரஸ்ட் கார்டு ஒருவர் எங்களை நிறுத்தினார்.

"எங்க போறீங்க? வெறகு கிறகு வெட்டக் கூடாது."

"சுத்திப் பாக்கத்தாங்க. நான் ஸ்கூல் வாத்தியாரு," என்றான் அவன்.

"பாக்கறதுக்கு இன்னா இருக்குது இங்க? கல்லும் முள்ளும்தான். சாயங்காலத்துக்குள்ள எறங்கிடுங்க."

இரண்டு பக்கமும் மலை, நடுவே பள்ளத்தாக்கு. அதில் ஒரு ஓடை. தண்ணீர் ஏறக்குறைய வற்றிப்போய், பாறை இடுக்குகளில் மட்டும் தேங்கி நின்றது. ஓடையை ஒட்டியே நடந்தோம். உசில மரங்கள் இலை உதிர்த்துக்கொண்டிருந்தன. காரைப்புதர்களுக்குள் ஏதோ சலசலத்து ஓடியது. எங்கோ மயில் அகவியது. வெயில் ஏற ஏற இரண்டு பக்கத்துக் கற்களும் வெளுத்துக்கொண்டே வந்தன. பெரிய பெரிய உருண்டைக் கற்கள், ஒன்றன்மேல் ஒன்றாக, தள்ளினால் உருண்டுவிடும் போல நின்றன.

"பசங்க கேக்கறானுங்கடா, சார் இது எரிமலையான்னு," என்றான் அவன்.

"நீ இன்னா சொன்னே?"

"எரிமலை இல்ல. எரிமலைன்னா வெளிய கக்கும். இது வெளிய வராமலே பூமிக்குள்ளயே ஆறிப்போன நெருப்புக் கொழம்பு. மேல இருந்ததெல்லாம் மழையில கரைஞ்சு போயி, உள்ள இருந்தது தெரிய வந்துடுச்சு. அதுக்கே கோடிக்கணக்குல வருஷம் ஆயிருக்கும்." சொல்லிவிட்டு ஒரு கல்லை உள்ளங்கையால் தட்டிக்கொடுத்தான், மாட்டைத் தட்டுவது மாதிரி. அவனுக்குக் கல் என்றால் உயிர். ரூமில் ஜன்னலோரம் பூராவும் பொறுக்கி வந்த கல்தான்.

அன்று அவன் வழக்கத்தைவிட மெதுவாக நடந்தான். இடது கால் செருப்பு அடிக்கடி கழன்று பின்னாலேயே நின்றுவிட்டது. அது கழன்றதே தெரியாமல் அவன் இரண்டடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்ப்பான். "வார் தொளதொளன்னு ஆயிடுச்சு," என்றான். நானும் அதை நம்பினேன்.

உச்சி வேளையில் பள்ளத்தாக்கின் மேல் பக்கம் ஒரு பெரிய மொட்டைப் பாறையைப் பார்த்தோம். அதன் தலையில் ஒரு சுனை இருப்பதாகப் பாரஸ்ட் கார்டு சொல்லியிருந்தார். செருப்புக் கால் வழுக்கியதால் செருப்பைக் கீழே ஒரு வேப்பாலை மர நிழலில் கழற்றிவிட்டு, கிழக்குப் பக்கத்துச் சரிவில், புதர் நிழலிலேயே ஏறினோம். சுனையில் தண்ணீர் இருந்தது. துண்டை நாலாக மடித்து வடிகட்டி, கொண்டுபோன கூஜாவில் பிடித்துக் குடித்தோம். புளிச்சோறு கட்டிக்கொண்டு போயிருந்தோம். ஒரே இலையில் வைத்து இரண்டு பேரும் சாப்பிட்டோம். அங்கிருந்து பார்த்தால் தூரத்தில் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை விரல்நுனி அளவுக்குத் தெரிந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இறங்கும்போதுதான் தப்பு செய்தோம். வந்த வழி சுற்று என்று நேராகப் பாறைமேலேயே இறங்கினோம். அந்த வெயிலில் பாறை அடுப்பில் ஏற்றிய தோசைக்கல்லாக இருந்தது. நான் நாலடிகூட வைக்கவில்லை, உள்ளங்கால் பொத்துப்போகிற மாதிரி எரிந்தது. "ஐயோ ஐயோ" என்று கத்திக்கொண்டே குதித்துக் குதித்து ஓடினேன். கீழே நிழலுக்கு வந்து விழுந்து, காலைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். அவன் நிதானமாக இறங்கி வந்துகொண்டிருந்தான். வலது காலை மட்டும் சட்டென்று எடுத்து வைத்தான். இடது காலை அழுத்தமாக ஊன்றி, அதிலேயே நின்று நின்று வந்தான். என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டும் இருந்தான்.

"இன்னாடா இந்தக் குதி குதிக்கற?"

"சுடலையா உனக்கு?"

"சோத்துக் கால்தான் சுடுது. பீச்சாங்காலு சுடல," என்றான் விளையாட்டாக.

அப்போதுதான் அவனுக்குப் பின்னால் பாறையில் பார்த்தேன். வரிசையாகச் சிவப்புத் தீற்றல்கள். ஒரு அடி விட்டு ஒரு அடியில்.

"உன் கால்ல ரத்தம்டா."

அவன் உட்கார்ந்து இடது காலைத் திருப்பிப் பார்த்தான். குதிகாலுக்குப் பக்கத்தில் ஒரு காரைமுள் முழுசாக இறங்கியிருந்தது. ஏறும்போதே குத்தியிருக்க வேண்டும். அதன் மேலேயே நடந்து, சாப்பிட்டு, இறங்கி வந்திருக்கிறான். அதைச் சுற்றித் தோல் வெந்து கொப்பளிக்க ஆரம்பித்திருந்தது. நான் முள்ளைப் பிடுங்கினேன். என் விரல் நீளத்தில் பாதி இருந்தது. பிடுங்கும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். யாரோ ஒருவர் காலில் நடக்கிற வேலையைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பு மட்டும் போயிருந்தது.

பிறகு அவன் வேட்டியை முழங்கால்வரை விலக்கினான். கெண்டைக்காலின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தேமல். சுற்றியிருந்த தோலைவிட வெளுத்து, மயிர் இல்லாமல் இருந்தது.

"ஆடி மாசத்துலேர்ந்து இருக்குது," என்றான். "கால் மரத்துப்போறது கார்த்திகைலேர்ந்து. சைக்கிள் மிதிக்கறதாலன்னு நெனச்சேன். இல்ல. அப்டி நெனச்சுக்கிட்டேன்." ஒரு காய்ந்த புல்லைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தான். "நான் கண்ண மூடிக்கறேன். நீ தொடு. தொட்ட எடத்த சொல்றேன்."

"வேணாம்டா."

"தொடுடா."

முழங்காலில் தொட்டேன். "முட்டி," என்றான். அதற்குக் கீழே தொட்டேன். "கெண்டைக்கால் முன்னாடி." தேமலின்மேல் தொட்டேன். கணுக்காலுக்குக் கீழே, புறங்காலில், உள்ளங்காலில், குதிகாலிலிருந்து பெருவிரல்வரை புல்லால் இழுத்தேன். அவன் கண்ணை மூடி முகத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி, காத்துக்கொண்டிருந்தான்.

"தொடு. ஏன் சும்மா இருக்கே?"

நான் புல்லை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தேன். அவன் கண்ணைத் திறந்து, தன் காலின்மேல் இருந்த புல்லைப் பார்த்தான்.

அந்த நோயின் பெயரை நாங்கள் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. திருவிழா சமயத்தில் கோயில் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களை இரண்டு பேருமே பார்த்து வளர்ந்தவர்கள். விரல் இல்லாத கையில் தகரக்குவளையை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

பிறகு நான் செய்த காரியத்தை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. எழுந்து ஓடைக்குப் போய், பாறை இடுக்கில் கிடந்த தண்ணீரில் கையைக் கழுவினேன். மணலை எடுத்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். திரும்பினால் அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பார்த்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, துண்டைக் கிழித்துத் தன் காலைத் தானே கட்டிக்கொண்டான்.

இறங்கும் வழியில், ஓடையோரமாக ஒரு இடத்தில் நின்று சொன்னான். "ஒரு மாசம் டயம் குடு. பரீட்ச முடியட்டும். லீவு போட்டுட்டு மெட்ராஸ் போயி டாக்டர பாக்கறேன். அது இல்லாமயும் இருக்கலாம் இல்ல? நரம்புல வேற ஏதாச்சும் இருக்கலாம். ஆமான்னு சொல்லிட்டாங்கன்னா நானே உங்க நைனாகிட்ட வரேன். கல்யாணம் வேணாம்னு நானே சொல்றேன். அதுவரைக்கும் நீ சொல்லாத."

"சரி," என்றேன்.

"நெஜமா?"

"சரின்னு சொன்னேன்ல."

சூரியன் இறங்குவதற்குள் சாப்பாட்டை முடிக்கவேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அன்று நேரத்தோடு வந்தும் நான் சாப்பிடவில்லை, தலைவலி என்று சொல்லிவிட்டேன். தங்கை சுக்கு அரைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். "மல எப்டிண்ணா இருந்துச்சு?" என்று கேட்டாள். அவள் மலையைப் பற்றிக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். "கல்லும் முள்ளும்தான்," என்றேன்.

மூன்று நாள் தாங்கினேன். புதன்கிழமை காலை நைனா திண்டிவனத்துக்குக் கிளம்பினார், கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கக் கொடுப்பதற்காக. பஸ் ஏற்றிவிட நானும் கூடப் போனேன். பத்திரிகைக்கு எழுதிய தாளை மறுபடி எடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, பேரெல்லாம் சரியாக இருக்கிறதா என்று என்னைப் படிக்கச் சொன்னார். தங்கை பேருக்குப் பக்கத்தில் அவன் பேர் இருந்தது. படிக்க முடியவில்லை. அங்கேயே, பஸ் ஸ்டாண்டில், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

நைனா முதலில் கேட்டது, "நீ அவன்கூட ஒண்ணா சாப்டியா?"

"ஆமா."

திண்டிவனம் பஸ் வந்து நின்று, போயும்விட்டது. அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லாத," என்றார். அவர் சொன்னது அம்மாவிடம் மட்டும்தான். அம்மா சொன்னது அவள் அக்காவிடம் மட்டும்தான். பத்து நாளில் எங்கள் ஜனம் இருக்கிற எந்த ஊரிலும் தெரியாதவர்கள் இல்லை.

ஸ்கூலில் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்று சிலர் வந்து நின்றார்கள். அவனை லீவில் போகச் சொன்னார்கள். ரூம்காரர் அவன் சாமான்களை, ஜன்னலோரத்துக் கற்கள் உட்பட, வெளியே எடுத்து வைத்துவிட்டு ரூமுக்குச் சுண்ணாம்பு அடித்தார். அவன் இன்னும் டாக்டரையே பார்த்திருக்கவில்லை. பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது.

ஒரு மத்தியானம் அவன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நிச்சயத்துக்கு வந்தபோது நடுக்கூடத்தில் உட்கார்ந்து சிரித்துப் பேசிய அம்மாள். இந்தத் தடவை வாசற்படியைத் தாண்டவில்லை. என் அம்மா உள்ளேயே இருந்துகொண்டாள். நான்தான் வெளியே போனேன்.

"பொண்ண குடுக்க வேணாம்ப்பா. அதுக்கு நான் வரல. எந்த அம்மாதான் குடுப்பா. வாய மட்டும் மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா? எம்பொண்ணு ஒருத்தி இருக்கறாளே, அவளுக்கு இனிமே யாரு வருவாங்க? அவன் உன்ன நம்பித்தான காட்டினான்? ஒரு மாசந்தான டயம் கேட்டான்?"

அவர்கள் வெயிலிலேயே திரும்பி நடந்துபோனார்கள். தண்ணீர் குடிக்கிறீர்களா என்றுகூடக் கேட்கவில்லை நான்.

உள்ளே வந்தபோது தங்கை சமையலறை நிலைப்படியில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அவர் ஒரு மாசம் கேட்டாராண்ணா?"

"ஆமா."

"நீ சரின்னியா?"

"ஆமா."

"அப்பறம் ஏன் சொன்னே?"

"உனக்காகத்தான்."

"என்ன ஒரு வார்த்த கேட்டீங்களா யாராச்சும்?" என்றாள். கத்தவில்லை. அவள் என்னோடு பிறகு பேசினாள், சிரித்தாள், எல்லாம் செய்தாள். ஆனால் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை.

பரீட்சை முடிவதற்குள் அவன் ஊரைவிட்டுப் போய்விட்டான். கிளம்பிய அன்று காலை ஆபீசுக்குப் போகும் வழியில் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு டிரங்குப் பெட்டியோடு நின்றிருந்தான். பக்கத்தில் அவன் அம்மா மட்டும். ரோட்டைத் தாண்டிப் போயிருக்கலாம். பத்தடிதான். நான் சைக்கிளைத் திருப்பி வேறு தெரு வழியாக ஆபீசுக்குப் போனேன்.

அடுத்த வருஷம் தங்கைக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. நல்ல மனுஷர். அவள் குறையென்று எதுவும் சொன்னதில்லை.

மூன்று வருஷம் கழித்து ஆபீஸ் வேலையாகத் தெற்கே ஒரு ஊருக்குப் போகவேண்டி வந்தது. அங்கே இருந்த ஒரு ஆஸ்பத்திரியில்தான் அவன் இருக்கிறான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். போனேன். அங்கே சேர்ந்திருந்த நோயாளிகளின் பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருந்தது. அதில் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பாடத்தை நிறுத்தவில்லை. முடித்துவிட்டு வந்தான். இடது காலை லேசாக இழுத்து நடந்தான். முகம் அப்படியேதான் இருந்தது, கொஞ்சம் பூசினாற்போலக்கூட.

"சரியாயிடுச்சுடா," என்றான். "மாத்திரதான். தெனம் ஒண்ணு. இப்ப கிருமி இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. கால்ல ரெண்டு வெரலு மட்டும் போச்சு. முன்னாடியே வந்திருந்தா அதுவும் போயிருக்காதுன்னாரு டாக்டரு. யாருக்கும் ஒட்டவும் ஒட்டாதாம் அவ்ளோ சுலபமா." கடைசி வார்த்தையைச் சொல்லும்போது என் கையைப் பார்த்தான். பார்த்தானா, அப்படி எனக்குத் தோன்றியதா, தெரியவில்லை.

"ஊருக்கு வரக் கூடாதா?"

"எந்த ஊருக்கு?"

அவனுக்கும் கல்யாணம் ஆகியிருந்தது. அந்தப் பெண்ணும் அங்கே வைத்தியத்துக்கு வந்து குணமானவள். காபி கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். அவன் தங்கைக்கு இன்னும் இடம் அமையவில்லை என்று அவனே சொன்னான். எனக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. "என்ன மன்னிச்சுடுடா," என்றேன்.

அவன் கோபமாகச் சொல்லவில்லை, கணக்குப் பாடத்தில் ஒரு வரியை விளக்குவது மாதிரித்தான் சொன்னான்.

"நீ சொன்னது தப்புன்னு சொல்லமாட்டேன். உன் தங்கச்சி. யாரா இருந்தாலும் பயந்திருப்பான். ஆனா நானே சொல்லியிருப்பேன்டா. நானே வந்து நின்னு சொல்லியிருந்தா, அது நான் செஞ்ச காரியமா இருந்திருக்கும். நீ சொல்லிட்டதால, நான் மறைச்சு மாட்டிக்கிட்டவன் ஆயிட்டேன். எங்க அம்மா சாகற வரைக்கும் அதத்தான் ஊர்ல சொல்லக் கேட்டுக்கிட்டு இருந்தாங்க."

அவன் அம்மா போய்விட்டது எனக்கு அப்போதுதான் தெரியும்.

ஊருக்குத் திரும்பியதும் தங்கை வீட்டுக்குப் போய், அவனைப் பார்த்துவிட்டு வந்ததைச் சொன்னேன். கைக்குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள். குணமாகிவிட்டது என்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குழந்தை தூங்கிய பிறகு, "நான்தான் வேணாம்னு சொன்னேன்னு அவரு நெனச்சிருப்பாராண்ணா?" என்றாள்.

அவளை யாரும் கேட்கவேயில்லை என்று அவனிடம் நான் சொல்லாமலே வந்துவிட்டது அப்போதுதான் உறைத்தது. அன்றே ஒரு இன்லண்ட் லெட்டரில் எழுதிப் போட்டேன். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. நாலே வரி. உன் தங்கை அப்படிச் சொல்லியிருக்கமாட்டாள் என்று எனக்கு அப்போதே தெரியும், அவளிடம் சொல், நன்றாக இருக்கட்டும். இனிமேல் இதைப் பற்றி எழுதாதே, என் வீட்டுக்கு வரும் கடிதங்களை என் மனைவியும் படிப்பாள்.

முதல் பாதியை மட்டும் தங்கையிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். பிறகு குழந்தைக்கு இரண்டு நாளாக ஜுரம், டாக்டரிடம் காட்டவேண்டும், கூட வருகிறாயா என்று கேட்டாள். போனேன். அவனுக்கு நான் மறுபடி எழுதவில்லை.